அறுபது பையும் ஒரே நாளில்

சின்னப்போடி முகம் வழித்து இருபத்தொன்பது நாளாயிற்று. தாடி வளர்க்க வேண்டுமென்ற ஆசை அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தாடிக்கும் அவர்மேல் அப்படியொன்றும் பிரியம் இருந்ததாகத் தெரியவில்லை. இடது பக்கம் பற்றையாகவும் வலது பக்கம் ஆடு மேய்ந்த வளவாகவும் தன்பாட்டுக்கு வளர்ந்திருந்தது. எல்லாம் தண்ணீரால் வந்த வினை.

கப்பல்துறையில் அவர்கள் இருந்த ஒழுங்கைக்குக் கறண்டும் இல்லை, பைப்பும் இல்லை. கறண்டுக் கம்பி கண்டி றோட்டோடு நேரே போய்விடும். ஒழுங்கைப் பக்கம் திரும்பியும் பாராது. தண்ணீருக்குக் கிணறுவரை முக்கால் மைல் நடக்கவேண்டும். ஒரு நடைக்கு இரண்டு பிளாஸ்டிக் கான். காலையில் ஒரு நடை, பின்னேரம் ஒரு நடை. அதற்குமேல் அவருடைய முழங்கால் சம்மதியாது. நாலு கானில் மூன்று, வளவில் அவர் வளர்த்த காளானுக்குப் போனது. மிஞ்சிய ஒன்றுக்குச் சோறு, தேத்தண்ணி, குளிப்பு, கோழி என்று வரிசை நிற்க, தாடி கடைசி ஆளாய் நின்றது.

வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. நல்ல சைக்கிள், பின்னால் கரியரும் உண்டு. இரண்டு பக்கமும் நாலு கான் கட்டலாம். ஆனால் அது பூட்டியிருந்தது.

பதினாலு மாதத்துக்கு முன் மகன் கோணேஸ் மீன்பிடிப் பாஸைப் புதுப்பிக்கவென்று அந்தச் சைக்கிளில்தான் டவுனுக்குப் போனான். சம்பூரிலிருந்து செல் குண்டடிக்குத் தப்பி ஓடிவந்து, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் வளவில் கொட்டில் போட்டு, மூச்சு விடத் தொடங்கியிருந்த நேரம். பின்னேரம் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள், ஒரு தேத்தண்ணிக் கடைச் சுவரோடு சைக்கிள் மட்டும் பூட்டியபடி நிற்கிறதென்று கதை வந்தது. சின்னப்போடி போய், பின்சில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆறு மைல் நடத்தி வந்தார். வழியில் ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் "ஏன் தூக்கிக்கொண்டு போறாய்?" என்று கேட்டார்கள். திறப்பு மகனிடம் என்றார். மகன் எங்கே என்று கேட்டார்கள். அதைத்தானே ஐயா நானும் உங்களிடம் கேட்கவேண்டும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாத பகிடிகள்தான் அவரை இவ்வளவு காலமும் உயிரோடு வைத்திருந்தன.

பிறகு ஏறாத கந்தோர் இல்லை. எழுதிக்கொண்டார்கள், இலக்கம் தந்தார்கள், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

பூட்டை உடைப்பது ஒரு நிமிட வேலை. மனைவி சிவகாமிப்பிள்ளை விடவில்லை. "அவன் வந்து திறப்பான்" என்றாள். சைக்கிள் வீட்டுக்குள், அவள் படுக்கிற பாயின் கால்மாட்டில் நின்றது. காலையில் எழும்பியதும் சீலைத் தலைப்பால் அதைத் துடைப்பாள், மணியை மட்டும் இரண்டு முறை. அதோடு அவளுடைய நாளின் வேலை முடிந்துவிடும். மகன் வரும்வரை மச்சம் தொடுவதில்லை என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். மீனும் முட்டையும் போனதில் ஆச்சரியமில்லை. கொஞ்ச நாளில் பருப்பும் போயிற்று, பூசணியும் போயிற்று. உப்புப் போட்ட கஞ்சியில் அரைக் கோப்பை, அவ்வளவுதான். "தொண்டைக்குள்ள இறங்குதில்லை" என்பாள். நாலு பேர் பிடித்து இழுத்த வலையைத் தனியே இழுத்த பெண், இப்போது வாளியைத் தூக்கினால் சுவரைப் பிடித்தாள்.

பகிடி விட்டுப் பார்த்தார். முப்பது வருடம் அவரைக் கைவிடாத சரக்கு அது. ஒன்றும் விலைபோகவில்லை.

ஒருநாள் மத்தியானம் வானம் இருண்டு இடி இடித்தது. மழை வரவில்லை. சிவகாமிப்பிள்ளை பாயில் கிடந்தபடி சொன்னாள்: "இந்த இடிக்கு ஊரிலை காளான் முளைச்சிருக்கும். கோணேஸ் சாரத்துக்குள்ள கட்டிக்கொண்டு வருவான். அந்தக் கறியெண்டா ஒருவாய் தின்னலாம்."

பதினாலு மாதத்தில் அவள் வாய்திறந்து கேட்ட சாப்பாடு அது ஒன்றுதான்.

அந்தக் கிழமையே ஒரு தொண்டு நிறுவனம் சிப்பிக் காளான் வளர்க்கப் பழக்குகிறதென்று கேள்விப்பட்டு, சின்னப்போடி போய் முன்வரிசையில் குந்தினார். பழக்க வந்தவ கிண்ணியாவைச் சேர்ந்த ஜெஸீமா மிஸ். அவ தந்த கடதாசி, மின்சாரக் கொதிகலன் என்றுதான் தொடங்கியது. சின்னப்போடி கையைத் தூக்கினார்.

"மிஸ், எங்களுக்குக் கறண்டு இல்லை."

மிஸ் அடுத்த வரிக்குப் போனா. குழாய்த் தண்ணீர்.

"அதுவும் இல்லை மிஸ்."

வெப்பமானி.

"காய்ச்சல் வந்தாலே நாங்கள் புறங்கையாலைதான் பாக்கிறது."

மிஸ் கடதாசியை மடித்து வைத்துவிட்டு, "சரி ஐயா, உங்கட வீட்டில என்னதான் இருக்கு?" என்றா.

"பழைய தகரப் பரல் ஒண்டு கிடக்கு. விறகு கிடக்கு. நேரம் எக்கச்சக்கமாய்க் கிடக்கு."

"அப்ப காணும்" என்றா மிஸ். அன்றிலிருந்து அவருக்கு அவமேல் ஒரு மரியாதை.

மாமரத் தூளும் தவிடும் கொஞ்சம் சுண்ணாம்பும் பிசைந்து, பொலித்தீன் பைகளில் இறுக்கி அடைத்து, பரலின் அடியில் தண்ணீர் விட்டுக் கல்லும் பலகையும் வைத்து, மேலே பைகளை அடுக்கிச் சாக்கால் மூடி எட்டு மணித்தியாலம் அவித்தார். புகையைக் கண்டு பக்கத்து ஆமி முகாமிலிருந்து இரண்டு பேர் துவக்கோடு வந்தார்கள். சாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். மரத்தூளைப் புட்டாக அவிக்கிற மனிதனால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று தீர்மானித்திருக்க வேண்டும். ஒருவன் மற்றவனுக்குத் தலையில் விரலால் சுற்றிக் காட்டினான், போய்விட்டார்கள்.

ஆறிய பைகளுக்குள் காளான் விதையை, விளக்குச் சுவாலைக்குப் பக்கத்தில் வைத்து, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, தும்மல் வரக்கூடாதென்று அம்மனையும் கும்பிட்டுக்கொண்டு போட்டார். வேப்பமரத்தடியில் கிடுகுக் கொட்டில், நிலத்தில் ஆற்றுமணல், சுற்றிவர ஈரச் சாக்கு. அறுபது பையையும் நைலோன் கயிற்றில் வலைமுடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார். வெளியே ஆனி மாதத்துக் கச்சான் காற்று, பிடித்த பிடியில் மனிதனைக் கருவாடாக்குகிற காற்று. ஒரு மணித்தியாலத்தில் சாக்குக் காய்ந்துவிடும். திரும்ப நனைக்கவேண்டும். மருந்தடிக்கிற பம்பியில் பனிபோலத் தண்ணீர் தெளிக்கவேண்டும். பைகளுக்குள் வெள்ளை நூல் மெல்ல மெல்லப் படர்ந்து தூளை மூடியது. பின்னேரங்களில் மனைவியிடம் அறிக்கை சமர்ப்பித்தார்.

"அரைவாசி வெள்ளை வந்திட்டுது, பிள்ளை."

"ம்."

"இண்டைக்கு முழுக்க வெள்ளை."

"ம்."

கொட்டில் பக்கம் அவள் ஒருநாளும் வரவில்லை.

பைகளைக் கீறுகிற நாள் வந்தது. கீறினால்தான் காளான் வெளியே வரும். ஜெஸீமா மிஸ் ஆயிரம் முறை சொல்லியிருந்தா: "எல்லாத்தையும் ஒரே நாளில கீறாதீங்க ஐயா. பத்துப் பத்தாக் கீறுங்க. அப்பத்தான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் பறிக்கலாம். உங்களிட்ட பிரிஜ் இல்ல, ஞாபகம்." சின்னப்போடியும் தலையாட்டியிருந்தார். ஆனால் அவர் கரைவலைக்காரன். வலையைப் பத்துப் பாகமாகப் பிரித்து, இன்றைக்கு ஒரு பாகம் நாளைக்கு ஒரு பாகம் என்று இழுத்தவன் எந்தக் கடலிலும் இல்லை. சும்மா கிடந்த சவர அலகை எடுத்தார், வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்துக்குள் அறுபது பையையும் கீறித் தள்ளினார்.

ஆறாம் நாள் விடிய கொட்டிலுக்குள் போனவர் அப்படியே நின்றார். அறுபது பையிலும் கொத்துக் கொத்தாக, சாம்பல் வெள்ளையில், காது காதாக. மனிதர்தான் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதில்லை. இவை அத்தனையும் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டுக்கொண்டு நின்றன.

அன்றைக்குத்தான் முத்தலிப் மோட்டார்சைக்கிளில் வந்தான். கிண்ணியாக்காரன், டவுனில் கடைகளுக்கு மரக்கறி போடுகிறவன், காளானையும் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தான். சின்னப்போடியை அண்ணன் முறைக்குக் காக்கா என்பான். வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"பாதை பூட்டு, காக்கா. முன்னுக்கும் பூட்டு, நான் வந்த பக்கமும் பூட்டிட்டாங்க. எப்ப திறப்பாங்க எண்டு அவங்களுக்கே தெரியா."

"ஏனாம்?"

"ஏனெண்டு கேட்டா எனக்கும் உங்கட மகன்ட கதிதான்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்தான். "மன்னிச்சிருங்க காக்கா."

"விடு. இதைப் பார்."

முத்தலிப் கொட்டிலுக்குள் தலையை விட்டான். "யா அல்லாஹ். பதின்மூண்டு கிலோ வருமே! அந்திக்குள்ள மஞ்சளாப் போயிருமே!"

"போகும்."

"கருவாடு மாதிரிக் காயப் போடுவமா? இந்தக் காத்துக்கு ரெண்டு நாள் காணும்."

"மெல்லக் கதை. கருவாடு எண்ட சொல்லு இந்த வளவுக்குள்ள கேக்கக்கூடாது. பாயிலை பரவிக் கிடக்கிறதைக் கண்டாளெண்டா அவள் கஞ்சியையும் விட்டிடுவாள்."

கடலில் வலை நிறைந்து வந்து வியாபாரி வராவிட்டால் என்ன செய்கிறது? ஊருக்குக் கறிக்குக் கொடுக்கிறது. சின்னப்போடிக்குத் தெரிந்த பொருளாதாரம் அவ்வளவுதான். வெட்டிப் பங்கு வைக்க இது என்ன மீனா? சமைத்தே கொடுத்துவிடலாம். ஊர்ச் சனம் வந்து சிரித்துக் கதைத்துச் சாப்பிட்டால் சிவகாமிக்கும் ஒருவாய் இறங்கும். இந்த யோசனையில் அவருக்கே ஒரு பெருமை. முத்தலிப்பைப் பறிக்க விட்டுவிட்டு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் மேலோடு ஒழுங்கை நீளத்துக்கு வீடு வீடாகப் போனார்.

"இண்டைக்கு மத்தியானம் எங்கட வீட்டிலை சாப்பாடு. மச்சம் இல்லை. வந்து ஒருவாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

சனம் அவரைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதை அவருக்குப் புதிது. சொந்தக்கார அண்ணன் முறையான வேலாப்போடி, வாயில் இருந்த சுருட்டை எடுத்துவிட்டு எழும்பி நின்றார். அடுத்த வளவு ஞானமணி அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லது, தம்பி. எத்தினை நாளைக்கு இப்பிடியே வைச்சிருக்கிறது. செய்யிறதுதான் சரி" என்றா. பறித்ததை வைத்திருக்க ஏலாதென்று அவவுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே, கோயிலில் பெரிய கிடாரம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு திரும்பினார். கோயில் மனேச்சரும் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. கிடாரத்தை அவரே தூக்கித் தலையில் வைத்துவிட்டார்.

வளவில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். முத்தலிப் காளானைக் கிழித்துப் போட, சின்னப்போடி கிண்டினார். ஊர்க்கறி அளவுக்கு அவர் முன்பின் சமைத்தவரில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தூள் கருகுது."

இருவரும் திரும்பினார்கள். சிவகாமிப்பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்ல நடந்து வந்தாள். அகப்பையை அவர் கையிலிருந்து பறித்தாள். "விறகை வெளியிலை இழுங்கோ. தேங்காய்ப்பால் எங்கை? இப்பவே முதற்பாலை விட்டிட்டியளோ? நல்லாய்க் கிடக்கு." கிண்டினாள். கொதித்ததும் அகப்பை நுனியால் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"உப்புக் காணாது."

முத்தலிப் உப்புப் பேணியை எடுக்க ஓடினான். சின்னப்போடி கண்ணைத் துடைத்தார். புகை என்றுதான் சொல்லியிருப்பார்; காற்று மற்றப் பக்கம் அடித்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொட்டுக் கறி, வெறும் ஒரு சொட்டு, அவளுடைய தொண்டைக்குள் இறங்கிவிட்டது. இனிச் சோறும் இறங்கும். மத்தியானம் முதல் இலையில் அவளை இருத்திவிட வேண்டியதுதான்.

மத்தியானம் சனம் வந்தது.

ஞானமணி அக்கா வெள்ளைச் சேலையில் வந்தா, கையில் பச்சையரிசியும் தேங்காயும். வேலாப்போடி வெள்ளை வேட்டி, சட்டையில்லை. மற்றவர்களும் அப்படியே, சிறுசுகளைக்கூடச் சத்தம் போடாதே என்று அதட்டிக்கொண்டு வந்து, ஒருவரும் ஒருவரோடும் கதைக்காமல் வரிசையாகக் குந்தினார்கள். சின்னப்போடி இலை போட்டபடி, "மரத்தூள் தின்னுற சாமான், பயப்பிடாமல் தின்னுங்கோ. பல்லு உதிர்ந்தா பொறுப்பில்லை" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. வேலாப்போடி அவருடைய முதுகைத் தடவிவிட்டார்.

அப்போதும் அவருக்குப் பிடிபடவில்லை. ஞானமணி அக்கா குனிந்து, "படம் எங்கை தம்பி வைச்சிருக்கிறியள்? முதல் படையலை வைச்சிட்டெல்லோ பந்தி" என்று காதுக்குள் கேட்டபோதுதான் விளங்கியது. விளங்கியதும் கையிலிருந்த இலைக்கட்டு பாரமாயிற்று.

செத்த வீட்டில் முப்பத்தோராம் நாள்வரை மச்சம் இல்லை. அன்றைக்கு ஊரைக் கூப்பிட்டு மரக்கறிச் சோறு கொடுத்துக் காரியத்தை முடிக்கிறது. அதற்கு அழைப்புக் காட் அடிக்கிற வழக்கமில்லை. வீட்டுக்காரன் வழியாத முகத்தோடு, மேலில் சட்டையில்லாமல், துவாயைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்து சொல்லுவான், வந்து ஒருவாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ என்று. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிசகில்லை. காணாமல் போனவனுக்கு எந்த நாளை முப்பத்தொன்று என்று எண்ணுவதென்று தெரியாமல் பதினாலு மாதம் தவித்த தகப்பன், கடைசியில் தானே ஒரு நாளைக் குறித்துவிட்டான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. பகிடிக்காரனின் வாழ்க்கையில் ஊர் நம்பிய ஒரே கதை இதுதான்.

இல்லை, இது அதில்லை, வெறும் காளான், பாதை பூட்டினபடியால், அறுபதையும் ஒரே நாளில் கீறினபடியால் என்று சொல்லலாம். யாரிடம் தொடங்குவது? வெள்ளை உடுத்தி வந்து குந்தியிருக்கிற சனத்தை எழும்பிப் போ என்று எந்த வாயால் சொல்வது? சிவகாமி கிடாரத்தடியில், கேட்காத தூரத்தில், கறியைக் கிளறிக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியாமல் இந்தப் பந்தி முடிந்துவிட்டால் போதும். சோறு போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையாகக் குனிந்து, "படம் வேண்டாம், படம் வேண்டாம்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

சிவகாமி கறிவாளியோடு பந்திக்கு வந்தாள். வேலாப்போடி நல்ல மனிதர். நல்ல மனம் இருக்கிறவர்களுக்கு எந்த நேரத்தில் வாய்திறப்பதென்று தெரிவதில்லை. திறந்த கதவுக்குள்ளே நின்ற சைக்கிளைப் பார்த்துவிட்டு, ஆறுதலாய்ச் சொன்னார்:

"இனி அந்தப் பூட்டை உடைக்கலாம்தானே, தங்கச்சி. காரியம் முடிஞ்சுது. இவனும் பாவம், தண்ணி அள்ள உதவும்."

சிவகாமிப்பிள்ளை நிமிர்ந்தாள். வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். தேங்காயையும் பச்சையரிசியையும் பார்த்தாள். கடைசியில் புருசனின் தாடியைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

கத்துவாள் என்று பயந்தார். கத்தியிருந்தால்கூட நல்லது. அவள் வேலாப்போடியின் இலையில் கறியை விட்டாள், சாதாரணமாக.

"திறப்பு அவனிட்டைக் கிடக்கு அண்ணை. உடைக்கத் தேவையில்லை. இது காளான் கறி. இவர் வளர்த்தது. வேறை ஒண்டுமில்லை, சாப்பிடுங்கோ."

அடுத்த இலைக்குப் போனாள். அதற்கடுத்த இலைக்கும். ஒவ்வொரு இலையிலும் ஒரு அகப்பை, கூடவுமில்லை குறையவுமில்லை. சனம் தலையைக் குனிந்து சாப்பிட்டது. கறி நல்ல ருசி. அதை எவரும் சொல்ல ஏலாமல் போயிற்று. முத்தலிப் மட்டும், ஒன்றும் விளங்காதவனாக, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, மதினி" என்றான். அதற்காகவே அவனை அந்த இடத்தில் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது சின்னப்போடிக்கு.

சாப்பிட்டு எழும்பிய சனம் வாசல் படலையடியில் தடுமாறிப்போய் நின்றது. சும்மா சாப்பிட்ட வீடென்றால் "போட்டு வாறம்" என்று சொல்லவேண்டும். செத்த வீடென்றால் சொல்லாமல் போகவேண்டும். இது எந்த வீடு? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேலாப்போடி சொல்லாமல் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக, செருப்புச் சத்தமும் கேளாமல் நழுவினார்கள். ஞானமணி அக்கா மட்டும் படலைவரை போய்த் திரும்பி நின்றா. வெள்ளைச் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினா, விட்டா. பிறகு ஒழுங்கை முழுக்கக் கேட்கிற சத்தத்தில், "போட்டு வாறன், பிள்ளை!" என்று சொல்லிவிட்டு, வேகமாய்ப் போனா.

சிவகாமி கிடாரத்தின் அடியை வழித்தாள். ஒரு அகப்பை வந்தது. கோணேஸின் கோப்பையில் சோற்றைப் போட்டு அதன்மேல் விட்டு, மூடி, வழமைபோலச் சைக்கிளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீ ஒருவாய்..." என்றார் சின்னப்போடி.

"அவனுக்கு வைச்சாச்சு. மிச்சமில்லை."

கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். உண்மைதான், மிச்சமில்லை. ஊருக்கெல்லாம் ஒருவாய் கொடுக்கத் தெரிந்த மனிதனுக்கு, வீட்டில் ஒருவாய் எடுத்துவைக்கத் தெரியவில்லை. அவள் பானையிலிருந்து அரைக் கோப்பைக் கஞ்சியை வார்த்து, உப்புப் போட்டு, சுவரைப் பார்த்தபடி குடித்தாள். முத்தலிப் பாதை திறக்கும்வரை வேப்பமரத்தடியில் கிடாரத்தை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

விடிய, கோப்பையைத் திறந்தபோது கறி நுரைத்துப் புளித்திருந்தது. அவள் அதைக் கோழிக்குக் கொட்டினாள், சைக்கிளைத் துடைத்தாள். கான்களை எடுத்துக்கொண்டு புறப்பட்ட புருசனைப் பார்த்து முதல்முறையாகக் கேட்டாள்.

"திரும்ப எப்ப முளைக்கும்?"

"தண்ணி ஒழுங்காய்த் தெளிச்சால் பத்து நாள். இந்தக் காத்துக்குச் சொல்ல ஏலாது. முளைக்காமலும் விடும்."

"முளைச்சால் ஒருத்தரையும் கூப்பிடாதேங்கோ."

"இல்லை."

அவர் படலையைத் தாண்டப்போனார். "நில்லுங்கோ" என்றாள். குசினிக்குள் போய், குடிதண்ணீரில் அரைச் சிரட்டை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"முகத்தை வழிச்சுப்போட்டுப் போங்கோ. உங்களாலைதான் சனம் அப்பிடி நினைச்சது."

வீட்டில் கண்ணாடி இல்லை, சம்பூரோடு போயிற்று. சைக்கிளுக்கு முன்னால் குந்தி, அவள் துடைத்து வைத்திருந்த மணிக்குள் பார்த்து வழித்தார். பை கீறின அலகு. இழுத்தது, எரிந்தது. அரைச் சிரட்டைத் தண்ணீர் வலது பக்கத்துக்குத்தான் போதுமாயிருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாமா என்று திரும்பினார். அவள் பாயில் படுத்துவிட்டாள், முகம் சைக்கிள் பக்கம்.

பாதி முகத்தோடு, இரண்டு கானையும் தூக்கிக்கொண்டு, சின்னப்போடி கிணற்றுக்கு நடந்தார்.